ஒரு ஹெக்டேருக்குள் அடங்காத சாலை: மலைக்கிராமச் சாலைக் கோரிக்கையும் வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவும்

சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதிச் சாலையைப் பற்றிப் பேரவையில் எழுப்பும் வினாவை வாக்குக் கணக்கின் நீட்சியாகவே படிப்பது நம் அரசியல் ஆய்வுகளில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் ஒன்றியக் கவுன்சிலரின் வேலையைப் பார்க்கிறாரே என்ற சலிப்பும் அந்தப் படிப்போடு ஒட்டிக்கொண்டே வரும். சமவெளித் தொகுதிகளைப் பொறுத்தவரை இதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. வனநிலத்துக்குள் கிடக்கும் மலைக்கிராமங்களுக்கான சாலைக் கோரிக்கையையும் அதே அளவுகோலால் அளப்பதுதான் தவறு. அங்கே உறுப்பினர் செய்யும் வேலை வேறு. அது என்ன வேலை என்பதை அறியப் பேரவைக் குறிப்புகளைவிட 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையே நெருங்கிப் படிக்க வேண்டும்.

முதலில் வாக்குக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே தொகுதிகள். சவ்வாது மலையும் கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் போதமலையும் அல்லேரியும் சமவெளி வாக்காளர்களே முடிவு செய்யும் தொகுதிகளின் ஓரங்களில் ஒட்டிக்கிடக்கின்றன. தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுசென்ற போதமலையில் இருக்கும் வாக்குகள், சமவெளியில் ஒரு பேரூராட்சியின் சில தெருக்களில் கிடைத்துவிடும். வாக்கு மட்டுமே நோக்கமானால் உறுப்பினர் நாடவேண்டியது நிழற்குடை, கலையரங்கம், உயர்கோபுர மின்விளக்கு போன்றவற்றை. ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய்த் தொகுதி மேம்பாட்டு நிதியில் அவை முடியும், பெயர்ப்பலகையும் நிற்கும். ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்குள் முடியாமலே போகக்கூடிய மலைச்சாலையில் வாக்கு லாபம் தேடுபவர் கணக்குத் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும். வனநிலத்தில் சாலை போட அனுமதி இல்லையென்றால் அந்த மூன்று கோடியும் பயன்படாது. தடை பணத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 3(2)ஆம் பிரிவு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து 13 வகை வசதிகளுக்கு விலக்குத் தருகிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் எனத் தொடரும் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம் சாலைக்கு. சமுதாயக் கூடத்தோடு பட்டியல் முடிகிறது. நிபந்தனைகள் கறாரானவை. ஒவ்வொரு நேர்விலும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். வசதி அரசால் நிர்வகிக்கப்படுவதாக இருக்க வேண்டும்.

வன உரிமை பற்றி எழுதுவோரில் பலர் இந்தப் பிரிவைக் கிராம சபையின் அதிகாரத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார்கள். கிராம சபை பரிந்துரைக்காமல் எதுவும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் பரிந்துரைத்துவிட்டால் நடந்துவிடுமா? கடைசி நிபந்தனையை அவர்கள் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. அரசால் நிர்வகிக்கப்படும் வசதிக்குத்தான் விலக்கு என்பதால் விண்ணப்பத்தை ஓர் அரசுத் துறைதான் தொடங்க வேண்டும். மே தினத்திலோ காந்தி ஜெயந்தியிலோ கூடும் கிராம சபை சாலை வேண்டுமென்று ஆண்டுதோறும் தீர்மானம் போடலாம். ஊரக வளர்ச்சித் துறையோ நெடுஞ்சாலைத் துறையோ படிவத்தை நிரப்பி வனத்துறைக்கு அனுப்பாதவரை, ஏற்கவோ மறுக்கவோ மாவட்ட வன அலுவலரின் மேசையில் எதுவும் இருக்காது. அவர் உடன்படாவிட்டால் விஷயம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும் என்ற வழிமுறையும் அதற்கு அப்புறம்தான். துறையை விண்ணப்பிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வழி எதையும் இந்தப் பிரிவு கிராம சபைக்குத் தரவில்லை.

உறுப்பினரின் வினா நுழையும் இடம் இதுவே என்பது என் துணிபு. சட்டத்தில் அவருக்கு எந்த இடமும் கிடையாது. 3(2)இன் எந்த வரியிலும் அவர் இல்லை. ஆனால் சாலை வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளது என்று அமைச்சர் பதில் தந்தால், அனுமதி கோரி விண்ணப்பித்தாகிவிட்டதா என்று துணை வினா கேட்க அவரால் முடியும். ஒரு துறையின் வாளாவிருப்பைப் பதிவுக்குக் கொண்டுவரும் வாய்ப்பு அந்த மலையில் வேறு யாருக்கு இருக்கிறது?

ஹெக்டேர்க் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். தார் விரிக்கும் 3.75 மீட்டர் அகலத்தை மட்டும் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ 2,660 மீட்டர் நீளத்துக்கு நிலம் போதும். பக்கவாட்டு மண்ணையும் சேர்த்து ஆறு மீட்டர் என்று கொண்டால் 1,660 மீட்டரோடு சரி. மலைச்சரிவை வெட்டும் அகலமும் வடிகாலும் கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்தால் இன்னும் குறையும். மலையேறும் சாலை பெரும்பாலும் இந்த நீளத்துக்குள் முடிவதில்லை. முடியாவிட்டால் மீண்டும் 1980 சட்டம், மாற்று நிலத்தில் காடு வளர்ப்பு, நடுவண் அரசின் ஒப்புதல் என்று நீண்ட வழிதான். நீளமான சாலையைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனி நேர்வாகக் கொள்ளலாமே என்று ஒரு வாசிப்பு உண்டு. அது பிரிவின் நோக்கத்தோடு பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் இருப்பதால் அதன்மேல் வாதத்தை நிறுத்தவில்லை.

பட்டியலில் உள்ள மற்றவை பெரும்பாலும் ஓர் இடத்தில் நிற்பவை. பள்ளியும் மருந்தகமும் ஒரு ஹெக்டேருக்குள் தாராளமாக அடங்கிவிடும். சாலையையும் அவற்றோடு ஒரே வரிசையில், ஒரே அளவுகோலோடு வைத்ததில்தான் வரைவாளர்கள் தடுக்கினார்கள். அங்கன்வாடிக்கும் நியாயவிலைக் கடைக்கும் கட்டடம் எழும்பிவிடும். அரிசி மூட்டை மேலே வரக் கழுதையோ தலையோதான் வேண்டும். கிராமச் சாலையைக் கேட்கும் உறுப்பினர் ரேஷன், பிரசவம், மேல்நிலைப் பள்ளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குவதை ஒழுங்கற்ற பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சட்டப் பட்டியல் தனித்தனியாகப் பிரித்ததை அவர் ஒன்றாகக் கட்டுகிறார் என்றுதான் நான் படிக்கிறேன். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் ஊர்வரை போக வழியில்லாததால் தாய் உடலைச் சுமந்து நடந்தார். அந்த மரணம் மருந்தகக் கணக்கில் வருமா, சாலைக் கணக்கிலா?

புதிய கிராமச் சாலைகளால் வீட்டுச் செலவும் வேளாண் வருமானமும் பெரிதாக உயரவில்லை என்று ஒரு பொருளாதார ஆய்வு வரிசை சொல்கிறது. இருக்கலாம். பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டித் தூக்காமல் இறக்க முடிந்ததா என்பதை வீட்டுச் செலவுப் புள்ளிவிவரம் காட்டாது. ஒப்பந்ததாரர்கள் அரசியல்வாதிகளின் உறவினர்களாக இருக்கிறார்கள் என்ற கண்டுபிடிப்பை மறுக்க எனக்குக் காரணமில்லை. அது சாலையை யார் போட்டார்கள் என்பதற்கான விடை, எந்தச் சாலை ஏன் கேட்கப்பட்டது என்பதற்கானது அல்ல. சாலை வந்தால் காடு அழியும், பின்னாலேயே ரிசார்ட்டும் வரும் என்பார்கள். ரிசார்ட்டுக்குச் சாலை போகும்போது இந்தக் கவலை இவ்வளவு உரக்கக் கேட்பதில்லை.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. சட்டம் துறையின் கையில் விட்டதை உறுப்பினர் முன்னெடுத்தால் கிராம சபை வெறும் கையெழுத்து இடமாகச் சுருங்கிவிடாதா? அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் இங்கே இல்லை. வன உரிமைச் சட்டமும் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே அசையத் தொடங்கியது. வலுவான கிராம சபை உருவாக அவகாசமே கிடைக்காத இடத்தில், உறுப்பினர் அதன் இடத்தைப் பறித்தார் என்று சொல்ல நான் தயங்குவேன். இதைத் தீர்க்க வேண்டிய சான்று ஆட்சியர் அலுவலகங்களில் இருக்கிறது. எந்த நாளில் கிராம சபை தீர்மானித்தது, எந்த நாளில் பேரவையில் வினா எழுந்தது, எந்த நாளில் துறை விண்ணப்பித்தது என்று மூன்று தேதிகளையும் கிராமவாரியாக அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். துறையின் விண்ணப்பம் வினாவுக்குப் பின் அல்லாமல் தீர்மானத்தை அடுத்தே வந்ததாகப் பல இடங்களில் தெரிந்தால் என் வாதம் நிற்காது.