விற்பவரே கற்பிக்கும்போது: கட்டடக்கலைஞரின் தொடர்கல்வியும் பொருள் தகவலும்

1. கேள்வி

கட்டடக்கலைஞர்களுக்கும் உள்ளரங்க வடிவமைப்பாளர்களுக்கும் பொருள் தகவல் எந்த வடிவில் வேண்டும் என்று கட்டுமானச் சந்தையில் ஓயாமல் கேட்கிறார்கள். அச்சுக் கேட்டலாக்கா, இணையதளமா, மாதிரிகளோடு அலுவலகத்துக்கு வரும் விற்பனைப் பிரதிநிதியா, வரைபட மென்பொருளில் அப்படியே பொருத்திவிடக்கூடிய பிம் கோப்பா? கேட்பவர் பெரும்பாலும் உற்பத்தியாளர். அல்லது அவருக்காகச் சந்தை ஆய்வு செய்பவர். எனவே கிடைக்கும் விடை விற்பனைக்கு வழிகாட்டும். அந்தத் தகவல் மெய்யா, முழுமையா, எந்த எல்லைக்குள் செல்லும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கட்டடக்கலைஞர் விரும்பும் தகவல் வேறு, சரிபார்க்க முடிகிற தகவல் வேறு. பொருளை விற்பவரே அதைப் பற்றிக் கற்பிக்கவும், அந்த வகுப்பு உரிமத் தொடர்ச்சிக்கான கல்வியாகக் கணக்கிடப்படவும் இடம் தந்த ஏற்பாடு இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்கத் தொடர்கல்வி முறையும், லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்து பற்றிய பொது விசாரணையும் இதற்குச் சான்றுகள்.

2. தேடும் சிக்கலும் நம்பும் சிக்கலும்

பொருள் தகவலின் வரலாறு பெரும்பாலும் ஒழுங்குபடுத்தலின் வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உற்பத்தியாளர்கள் அனுப்பிய கையேடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வந்து அலுவலகங்களில் குவிந்தன. 1906இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்வீட்ஸ் கேட்டலாக் அவற்றை ஒரே தொகுப்பாக்கியது. பின்னர் வந்த மாஸ்டர்ஃபார்மட் வகைப்பாடு கட்டுமான வேலைகளை 16 பிரிவுகளாகப் பகுத்தது. 2004இல் அது 50 பிரிவுகளாக விரிந்தது. பிரிட்டனில் சுவீடனிலிருந்து வந்த எஸ்எஃப்பி வகைப்பாடு அலுவலக நூலகங்களை அடுக்கித் தந்தது. 1970களில் தொடங்கிய என்பிஎஸ், விவரக்குறிப்பு எழுதுவதற்கான பொது வாசகங்களை அளித்தது.

இவை எல்லாம் தேடும் நேரத்தைக் குறைத்தன. பொருள்களை ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட வழிசெய்தன. ஆனால் இந்த வகைப்பாடுகளின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுதப்படும் செய்தி உற்பத்தியாளர் தந்ததாகவே இருந்தது. தேடல் எளிதானபோது நம்பிக்கையும் கூடியது. நல்ல ஒழுங்கில், தொழில்நுட்ப மொழியில், எண்களோடு நிற்கும் ஒரு வரி ஏற்கெனவே யாரோ சோதித்துப் பார்த்தது போன்ற தோற்றம் தருகிறது. பிம் கோப்பில் இந்தத் தோற்றம் இன்னும் வலுப்பெறுகிறது. அங்கே தீத்தன்மை என்பது நிரப்பப்பட்ட ஒரு களம். அந்த மதிப்பு எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் கோப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது.

3. மதிய உணவோடு ஒரு மணி நேரம்

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுக்கு 18 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. அதில் 12 மணி நேரம் பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலன் சார்ந்ததாக இருக்க வேண்டும். பல மாநிலங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கவும் இத்தகைய மணி நேரங்களைக் கேட்கின்றன. இவற்றைச் சேர்க்கும் பழக்கமான வழி மதிய உணவு வகுப்பு. உற்பத்தியாளரின் பிரதிநிதி உணவோடு அலுவலகத்துக்கு வருவார். ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். வருகைப் பதிவை அனுப்பிவைப்பார். அலுவலகத்துக்குச் செலவில்லை, பயணமில்லை, வேலை நேரமும் கெடுவதில்லை. விருப்பம் இதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

விற்பவரே கற்பிப்பதில் உள்ள ஆபத்தைக் கழகம் அறியாததல்ல. பாட நேரத்தில் வணிகப் பெயரை முன்னிறுத்தி விற்பனை பேசக் கூடாது என்பது விதி. எந்தப் பொருளுக்கும் கழகம் ஒப்புதல் தரவில்லை என்ற அறிவிப்பும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஆனால் விதி தடுப்பது பெயரைத்தான், சட்டகத்தை அன்று. நுரை வெப்பத்தடுப்பு தயாரிக்கும் நிறுவனம் தன் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாமல் ஆற்றல் சேமிப்பு பற்றி நேர்மையாகவே வகுப்பெடுக்கலாம். சுவரின் தடிமன், வெப்பக் கடத்தல், ஈரப்பதம் எல்லாம் அதில் சரியாக இருக்கும். அதே இடத்தில் கனிமக் கம்பளியை எப்போது தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் எழாது. சார்பு சொல்லப்பட்டதில் இல்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. விடுபட்டதைப் பெயர் நீக்கும் விதியால் மீட்க முடியாது.

மருத்துவத் துறை இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டது. அமெரிக்காவில் மருத்துவத் தொடர்கல்விக்கு அங்கீகாரம் தரும் குழுவின் நெறிகளின்படி, நோயாளிக்குப் பயன்படும் மருந்தையோ கருவியையோ தயாரித்து விற்கும் நிறுவனம் கல்வி வழங்குநராக அங்கீகாரம் பெற முடியாது. நிதி தரலாம், பாடத்தின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்க முடியாது. தவறான தேர்வு உயிரைப் பறிக்கக்கூடிய தொழில்தான் கட்டடக்கலையும். ஆனால் அதே வேலி இங்கே போடப்படவில்லை.

4. கிரென்ஃபெல் காட்டியது

2017 ஜூன் 14 அன்று மேற்கு லண்டனில் 24 மாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயில் 72 பேர் இறந்தனர். முந்தைய ஆண்டு முடிந்திருந்த புதுப்பிப்பில் கட்டடத்துக்கு வெளிப்புற உறை போடப்பட்டிருந்தது: பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகளும் அவற்றின் பின்னே எரியக்கூடிய வெப்பத்தடுப்பும். விசாரணையின் இரண்டாம் கட்ட அறிக்கை 2024 செப்டம்பர் 4 அன்று வெளியானது. பலகைகளையும் வெப்பத்தடுப்பையும் தயாரித்து விற்ற நிறுவனங்களின் திட்டமிட்ட நேர்மையின்மையை அது வெளிப்படையாகப் பதிவுசெய்தது.

அந்நிறுவனங்களின் மூன்று பொருள்களிலும் உத்தி ஏறத்தாழ ஒன்றே. செலோடெக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்5000 வெப்பத்தடுப்பு 2014இல் முழுச் சுவர்ச் சோதனையில் முதலில் தோற்றது. தீயைத் தடுக்கும் மக்னீசியம் ஆக்சைடு பலகைகளைச் சேர்த்துச் செய்த அடுத்த சோதனையில் தேறியது. அந்தப் பலகைகள் விற்பனைத் தாள்களில் இடம்பெறவில்லை. 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஏற்றது என்ற வரி இடம்பெற்றது. கிங்ஸ்பான் நிறுவனத்தின் கே15, 2005இல் நடந்த சோதனையைச் சொல்லிப் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. இடையில் பொருளின் கலவை மாறியிருந்தது. ஆர்கோனிக் நிறுவனத்தின் ரெய்னோபாண்ட் பலகை, மடித்து மாட்டும் கேசட் வடிவில் மிக மோசமான முடிவைத் தந்திருந்தது. அது வெளிவராமல், 2008இல் கிடைத்த சான்றிதழே சந்தையில் உலவியது. கிரென்ஃபெலில் பொருத்தியது கேசட் வடிவம்.

இங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை. தாள், சான்றிதழ், பிரதிநிதி, இணையதளம் எல்லாம் இருந்தன. விருப்ப ஆய்வுகள் கேட்கும் எல்லா வடிவங்களிலும் தகவல் தாராளமாகக் கிடைத்தது. இல்லாதிருந்தது சோதனையின் எல்லை: எந்த மாதிரி, எதனோடு சேர்த்து, எந்த ஆண்டில், எத்தனை முறை தோற்றபின்.

அதைக் கேட்டறியும் பயிற்சியும் இல்லை. பிரிட்டிஷ் நெறிகளில் இருந்த ‘கிளாஸ் 0’ என்ற தரம் மேற்பரப்பில் தீ பரவும் விதத்தை அளப்பது. பொருளின் உட்பகுதி எரியுமா என்பதற்கு அது விடையாகாது. முழுச் சுவர்ச் சோதனையும் ஒரு தொகுதியைத்தான் சோதிக்கிறது. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து ‘தேறியது’ என்று சொல்ல இயலாது. உயர்ந்த கட்டடத்துக்கு உறை போட எடுத்துக்கொள்பவருக்கு இந்த இரண்டும் அரிச்சுவடி. வடிவமைத்த ஸ்டுடியோ இ நிறுவனத்துக்கு அத்தகைய வேலையில் முன்னனுபவம் இல்லை. பேரழிவுக்கான பொறுப்பில் அதற்கு மிகக் கணிசமான பங்கு உண்டு என்றது அறிக்கை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு: குற்றம் அரசின் வழிகாட்டு நெறிகளிலும் இருந்தது. உண்மைதான். 2001இல் அரசுக்காக நடந்த சோதனையிலேயே கிரென்ஃபெலில் பொருத்தியது போன்ற பலகை கடுமையாக எரிந்திருந்தும் அந்த முடிவு வெளியிடப்படவில்லை; கிளாஸ் 0 தொடர்ந்தது. ஆனால் இது வாதத்தை வலுப்படுத்துகிறதே தவிரக் குலைக்கவில்லை. நெறியும் தவறலாம் என்றால், சோதனை அறிக்கையை நேராகப் படிக்கத் தெரிந்த தொழில்வல்லுநர் இன்னும் தேவைப்படுகிறார்.

இரண்டாவது: உற்பத்தியாளரை விலக்கினால் அறிவும் விலகும். இதையும் ஒதுக்க முடியாது. ஓர் ஒட்டும் பசையின் காயும் நேரம், ஒரு சன்னல் சட்டத்தின் நீர்வடிகால், ஒரு பலகையின் வெப்ப விரிவு ஆகியவற்றைத் தயாரித்தவரைவிட நன்றாக அறிந்தவர் அரிது. ஆகவே அவர் வரட்டும், பேசட்டும். வினா அவர் பேசலாமா என்பது அன்று. அவர் பேச்சைப் பொதுப் பாதுகாப்புக் கல்வியாக எண்ணலாமா என்பதே.

மூன்றாவது: சிறு அலுவலகங்களுக்கு வேறு வழியில்லை. இதுவே மிகக் கனமான மறுப்பு. இலவச வகுப்பு இலவசமாக இருப்பதற்குக் காரணம் அதன் செலவு பொருளின் விலையில் ஏறியிருப்பதுதான். அந்தச் செலவை வேறு பாதையில் திருப்பாமல் வகுப்பை மட்டும் தடைசெய்தால் சுமை சிறியவர் தலையில் விழும்.

6. சீர்திருத்தங்களின் எல்லை

பிரிட்டனில் மாற்றங்கள் வந்துள்ளன. 2021இல் அறிமுகமான கட்டுமானப் பொருள் தகவல் நெறி, தகவல் தெளிவாகவும் துல்லியமாகவும் அண்மையதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருபொருள்படாததாகவும் இருக்க வேண்டும் என்று 11 பிரிவுகளில் வகுத்தது. ஆனால் அதில் சேர்வது நிறுவனத்தின் விருப்பம். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கட்டடக்கலைஞர் பதிவு வாரியத்துக்குத் தொடர்கல்வியைக் கண்காணிக்கும் அதிகாரம் அளித்தது. 2024 முதல் அது கட்டாயமானது. வாரியம் குறைந்தபட்ச மணிக்கணக்கு வைக்காமல், கற்றது தன் வேலையில் என்ன மாற்றியது என்று கட்டடக்கலைஞரை எழுதச் சொல்கிறது. மணிக்கணக்கை நிரப்பும் பழக்கத்தை உடைக்க இது நல்ல வழி. ஆயினும் யாரிடம் கற்றார் என்ற கேள்வி இங்கும் ஓரத்திலேயே நிற்கிறது.

7. முன்மொழிவு

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு மாற்றங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த கல்வி மணிகளை, பாடத்துக்குரிய பொருளை விற்பவர் நடத்தும் வகுப்பில் ஈட்ட முடியாது என்று ஆக்க வேண்டும். பிற பொருள் வகுப்புகள் தொடரலாம். இரண்டாவது, ஒவ்வொரு பொருள் தாளிலும் முதல் இடம் சோதனைக்கு உரியதாக வேண்டும்: சோதித்த தொகுதி, நாள், கலவை மாறியதா, தோற்ற சோதனைகள், செல்லாத பயன்பாடுகள். பிம் கோப்பின் ஒவ்வொரு மதிப்பும் அந்த அறிக்கையைச் சுட்ட வேண்டும். மூன்றாவது, சோதனை அறிக்கை படிப்பதே ஒரு பாடமாக வேண்டும். கிரென்ஃபெல் விசாரணை வெளியிட்ட ஆவணங்களைவிடச் சிறந்த பாடநூல் இதற்குக் கிடைப்பது கடினம். நான்காவது, உற்பத்தியாளர்கள் இன்று மதிய உணவுக்கும் வகுப்புக்கும் செலவிடும் பணத்தின் ஒரு பகுதி பொது நிதியாகச் சேர வேண்டும். பாடத்தை வகுப்பது தொழிற்கழகங்களும் பல்கலைக்கழகங்களுமாக இருந்து, பணம் கொடுத்தவருக்கு அதில் வாக்கு இல்லாதிருந்தால், சிறிய அலுவலகத்துக்கும் கல்வி இலவசமாகவே கிடைக்கும்.

நான்காவது நிறைவேறாவிட்டால் முதல் மூன்றும் ஏட்டளவில் நின்றுவிடும். கல்விக்கு யார் பணம் தருகிறார் என்பதை ஒதுக்கிவிட்டு உள்ளடக்கத்தின் தூய்மையை மட்டும் விதிகளால் காக்க முயன்றதன் விளைவைத்தான் பெயர் நீக்கிய வகுப்புகளில் காண்கிறோம். விவரக்குறிப்பில் கையொப்பமிடுபவர் அந்தத் தேர்வுக்குப் பொறுப்பேற்கிறார். அந்தப் பொறுப்புக்கான கல்வியின் செலவைத் தன் தொழில் சார்ந்த அமைப்புகளே ஆள வேண்டும் என்று கோருவது அவருடைய உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.