நிரூபிக்க வேண்டியது யார்?



கடவுள் உண்டா இல்லையா என்று நாலு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு வாக்கியங்கள் வந்துவிடும். "இருக்கிறார் என்று நிரூபி" என்பார் ஒருவர். "இல்லை என்று நீ நிரூபி பார்க்கலாம்" என்பார் மற்றவர். அதற்குப் பிறகு குரல்தான் உயரும், பேச்சு நகராது. இதை முறையாகப் பேசிப் பார்த்த சிலரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

1948 ஜனவரி 28 அன்று பி.பி.சி. வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும், இயேசு சபைப் பாதிரியார் பிரடெரிக் கோப்பிள்ஸ்டனும் விவாதித்தார்கள். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்கிறீர்களா என்று பாதிரியார் தொடக்கத்திலேயே கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன், உண்டென்றோ இல்லையென்றோ முடிவாகச் சொல்லாத நிலை என்னுடையது என்றார் ரஸ்ஸல். அந்த ஒரு பதிலில் சுமை பாதிரியார் தலைக்குப் போய்விட்டது!

அவரும் சளைக்கவில்லை. உலகில் ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது, அப்படியானால் எதையும் சாராத ஒன்று இருந்தாக வேண்டும் என்று வாதாடினார். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான், மொத்தத்துக்கும் காரணம் கேட்பதில் பொருளில்லை என்றார் ரஸ்ஸல். சதுரங்கப் பலகை முன் உட்காரவே மறுப்பவரை எப்படித் தோற்கடிப்பது என்ற பொருளில் பாதிரியார் ஒரு போடு போட்டார். அன்றைய விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆதாரம் கேட்பவர், எது கிடைத்தால் ஒப்புக்கொள்வேன் என்றும் சொல்ல வேண்டுமல்லவா?

1952-இல் ஒரு பத்திரிகை கேட்டதற்காக ரஸ்ஸல் ஒரு கட்டுரை எழுதினார். கேட்ட பத்திரிகை அதை வெளியிடவே இல்லை. புகழ்பெற்ற தேநீர்க் கெண்டி அதில்தான் வருகிறது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில், எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத சின்னஞ்சிறு பீங்கான் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், இல்லை என்று உங்களால் காட்ட முடியாது. அதற்காக நம்புவீர்களா? கோயிலுக்குத் தவறாமல் போகிறவன் நான். இருந்தாலும் இந்த இடத்தில் நியாயம் ரஸ்ஸல் பக்கம்தான்.

இதை ஒரு விதியாகவே எழுதியவர் ஆன்டனி ஃப்ளூ, மெதடிஸ்ட் போதகரின் மகன். வழக்கு மன்றத்தில் குற்றவாளி என்று சொல்பவர்தானே நிரூபிக்க வேண்டும், அதுபோல 'உண்டு' என்பவரே ஆதாரம் தர வேண்டும் என்றார். (நம் 1872 சாட்சியச் சட்டத்தின் 101-ஆம் பிரிவும் வழக்காடுபவருக்கு இதையே சொன்னது.) இது விவாதம் தொடங்கும் முறை மட்டுமே, தீர்ப்பு அல்ல என்பதையும் அவரே தெளிவுபடுத்தினார். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆல்வின் பிளான்டிங்கா என்ற அமெரிக்கர் வேறு பக்கமிருந்து வந்தார். எதிரில் இருப்பவருக்கு மனம் உண்டு என்பதைக்கூட நம்மால் நிரூபிக்க முடியாது, ஆனாலும் அப்படி நம்புவது அறிவீனமா என்று கேட்டார்.

2004-இல், 81 வயதில், ஃப்ளூ தன் கருத்தை மாற்றிக்கொண்டார். டி.என்.ஏ.வின் சிக்கலான அமைப்பைப் பார்த்தால் பின்னால் ஓர் அறிவு இருக்க வேண்டும் என்றார். கிறிஸ்தவத்தையோ மறுமையையோ அவர் ஏற்கவில்லை. ஆத்திகர்கள் கொண்டாடினார்கள், மறுதரப்பில் சிலர் வயதாகிவிட்டது என்றார்கள். 2007-இல் அவர் பெயரில் வந்த புத்தகத்தை அவரே எவ்வளவு எழுதினார் என்றும் சர்ச்சை கிளம்பியது. 2010-இல் மறைந்தார். டி.என்.ஏ. எப்படி வந்தது என்று இன்று தெரியாததையே கடவுளுக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அவர் வயதைப் பற்றிப் பேசியவர்கள் அதற்குப் பதில் சொல்லவில்லையே.