ரோகு மீனும் ஒரு துளிச் சுரப்பியும்

சால்ட் லேக் வந்த புதிதில் மார்க்கெட்டில் மீன்காரர் கேட்பார்: "தலை வேண்டாமா தாதா?" வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஆசாமி நான்தான். வங்காளிக்கு மீன் தலை இல்லாமல் முரி கண்டோ ஏது? எங்கள் வீட்டுத் தங்கமணிக்கோ குழம்புக்கு நடுத்துண்டுதான் வேண்டும். அப்படி நான் விட்டுவிட்டு வந்த தலைக்குள் ஒரு சரித்திரமே இருப்பது, மீன் குஞ்சுப் பண்ணைக்கு லோன் கேட்டு ஒரு பெரியவர் வந்தபோதுதான் தெரிந்தது.

செலவுக் கணக்கில் "ஊசி மருந்து" என்று ஒரு வரி. மீனுக்கு எதற்கு ஊசி? "ஹீராலால் பாபுவைத் தெரியாதா?" என்று சிரித்தார். தெரியாதுதான். பி.காமில் அதெல்லாம் ஏது! வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பிட்யூட்டரி. மூளைக்கு அடியில், எலும்புக் குழி ஒன்றில் தொங்கும் சுரப்பி. மனிதருக்குப் பட்டாணி அளவு, சுமார் அரை கிராம். பேங்க் பாஷையில் சொன்னால், மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் ரிசர்வ் பேங்க், பிட்யூட்டரி ஹெட் ஆபீஸ். தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாம் கிளைகள். ஹெட் ஆபீஸ் ஹார்மோனை அனுப்பினால் கிளை வேலை செய்யும். கிளையின் ஹார்மோன் ரத்தத்தில் கூடினால் தகவல் மேலே போய், உத்தரவு குறையும்.

மீனுக்கும் இதே ஏற்பாடுதான். ரோகு, கட்லா, மிருகால் மூன்றும் ஆற்று மீன்கள். மழை, புது வெள்ளம், நீரோட்டம் எல்லாம் சேர்ந்தால்தான் பிட்யூட்டரி "முட்டையிடு" என்று உத்தரவு போடும். குளத்தில் சினை பிடிக்கும், ஆனால் உத்தரவு வராது. அதனால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை போட்டுக் குஞ்சு பிடித்துத்தான் குளத்தில் விட்டார்கள். அதில் மற்ற மீன்களைத் தின்னும் ஜாதியும் கலந்தே வரும்.

மீனுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போடுவதை 1930களிலேயே பிரேசிலில் செய்து காட்டியிருந்தார்கள். நம் மீன்களில் அதைச் சாதித்தவர் ஹீராலால் சௌத்ரி. வெட்டிய மீன் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் போட்டு வைத்து, அரைத்துத் தண்ணீரில் கலந்து ஊசி. அவ்வளவுதான்! 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில், சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசி போட்ட மீன்கள் குளத்து நீரில் முட்டையிட்டன. இன்றும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். சௌத்ரி 2014இல் காலமானார்.

பிறகு பல வருஷம் மீன் மார்க்கெட்டில் தலைகளிலிருந்து சுரப்பி சேகரிப்பதே ஒரு தொழிலாக இருந்தது. இப்போது பெரும்பாலும் செயற்கை ஹார்மோன்தான். அதோடு டோம்பெரிடோன் சேர்ப்பார்கள். ஆமாம், நாம் வாந்திக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான்! மீனில் டோபமின் பிட்யூட்டரிக்கு பிரேக். அந்த பிரேக்கை இது எடுத்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெரியவர் 1957க்கு முன் வந்திருந்தால், வெள்ளம் வந்தால் குஞ்சு, வராவிட்டால் பட்டை நாமம் என்ற தொழிலுக்கு எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? நான் போட்டிருக்க மாட்டேன். இப்போது போட்டேன். தவணை ஒழுங்காக வருகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் குடியிருக்கும் இந்த இடமே மீன் வளர்த்த உப்பேரிகள்தான். 1962 முதல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து கொட்டி நிரப்பினார்கள். மிச்சமுள்ள கிழக்குக் கல்கத்தா சதுப்பு நிலம், சுமார் 12,500 ஹெக்டேர், 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்ச் சாக்கடையில் மீன் வளர்த்து, தண்ணீரையும் சுத்தம் செய்து கொடுக்கிறது. அதையாவது விட்டுவைக்க வேண்டும்.

சின்ன வயதில் அப்பா வாங்கி வருவாரே "டேம் மீன்", அந்த ரோகுவும் கட்லாவும் கங்கைப் பக்கத்திலிருந்து நம் ஊர் அணைகளுக்குக் குடிபெயர்ந்தவைதான். நாம் இந்தப் பக்கம் வந்தோம், அவை அந்தப் பக்கம் போயின. கணக்கு நேர்!

போன ஞாயிறு தலையையும் வாங்கி வந்தேன். தங்கமணி முறைத்தாள். குழம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.