கோப்பில் சின்னது, நினைவகத்தில் பெரியது: ஏன்?

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்ட சந்தேகம் இது. "சார், புரோகிராம் கோப்பு 20 கேபிதான். ஓடும்போது 400 கேபிக்கு மேல் நினைவகம் எடுக்கிறதே, எப்படி?"

விடை 1950களில் இருக்கிறது. அப்போது ஐபிஎம் 704 கணினிக்குப் புரோகிராம்கள் துளையிட்ட அட்டைகளில் போகும். ஓர் அட்டையில் 36 பிட் கொண்ட 24 வேர்டுகளுக்கு மேல் ஏறாது. கணக்கின் விடைகளை வைக்க 1000 வேர்டு காலி இடம் வேண்டுமென்றால், வெறும் பூஜ்யத்தைச் சுமக்கவே 40க்கு மேற்பட்ட அட்டைகள்!

யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் ராய் நட் முதலானோர் இந்தக் கணினிக்கு எழுதிய அசெம்பிளரில் பிஎஸ்எஸ் என்றொரு கட்டளை வந்தது. பிளாக் ஸ்டார்டட் பை சிம்பல் என்பதன் சுருக்கம். "இந்தப் பெயரில் இவ்வளவு இடம் ஒதுக்கு" என்பதே அதன் பொருள். கல்யாண மண்டபத்துக்கு 500 நாற்காலியை நாமே தூக்கிக்கொண்டா போகிறோம்? 500 பேருக்கு இடம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் போதுமே!

1970களில் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ், பிடிபி-11 கணினியில் இதைத் தனிப் பிரிவாக்கியது. கோப்பின் தலைப்பில் டெக்ஸ்ட், டேட்டா, பிஎஸ்எஸ் என மூன்று அளவுகள். முதல் இரண்டுக்கும் கோப்பில் சரக்கு உண்டு. மூன்றாவதற்கு எண் மட்டும்தான். ஓட்டும் நேரத்தில் அந்த இடத்தை ஒதுக்கிப் பூஜ்யமாக்கித் தருவது இயக்கமுறைமையின் வேலை.

ஏன் பூஜ்யமாக்க வேண்டும்? பலர் பகிரும் கணினியில் துடைக்காமல் கொடுத்தால், முன்பு ஓடியவரின் கடவுச்சொல்கூட அடுத்தவர் கையில் கிடைத்துவிடும். கரும்பலகையை அழித்துவிட்டுத்தான் அடுத்த ஆசிரியருக்கு வகுப்பை விட வேண்டும்.

இன்றைய லினக்ஸின் எல்ஃப் கோப்பிலும், 1993இல் வந்த விண்டோஸ் என்டியின் பிஇ கோப்பிலும் இதே ஏற்பாடுதான். கோப்பில் எவ்வளவு, நினைவகத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்கள். விண்டோஸில் 100 பைட் கொண்ட பிரிவு, வழக்கமான அமைப்பில், கோப்பில் 512 பைட்டாக நிரப்பப்படும்; நினைவகத்தில் 4096 பைட் பக்கம் ஒன்றைப் பிடிக்கும்.

பிள்ளைகளே, நீங்களே சோதித்துப் பாருங்கள். சி மொழியில் ஃபங்ஷனுக்கு வெளியே 1,00,000 இண்ட் கொண்ட ஓர் அரே அறிவியுங்கள். கோப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். முதல் உறுப்புக்கு மட்டும் 1 என்று மதிப்புக் கொடுங்கள். முழு அரேயும் டேட்டா பிரிவுக்குப் போய், கோப்பு சுமார் 4 லட்சம் பைட் வீங்கிவிடும். லினக்ஸில் சைஸ் என்ற கட்டளை மூன்று அளவுகளையும் காட்டும்.

கோப்பின் அளவை வைத்து மட்டும் புரோகிராமை எடைபோடாதீர்கள். செய்து பார்த்தவர்கள் உங்கள் எண்களைக் கீழே பதிவிடுங்கள்.