மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பங்கேற்பு: அடி அண்ணாமலை முதல் ஆய்க்குடி வரை

அடி அண்ணாமலை, திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கும் ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறத்தாழப் பாதி வழி கடந்த பிறகே இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில் கண்ணில் படும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று ஊரார் போற்றும் தலம். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் இந்த ஊரைக் கடந்து போகின்றன. இங்கே நின்று பார்த்தால் மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பங்கேற்பு என்ற பெரிய பேச்சு ஒரு எளிய கேள்வியாகச் சுருங்கிவிடும். நடக்க இயலாதவருக்கும், பார்வையற்றவருக்கும், கூட்டத்தின் இரைச்சலைத் தாங்க முடியாத குழந்தைக்கும் பள்ளியும் மருத்துவரும் அலுவலகமும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன?

உடலிலோ புலன்களிலோ அறிவிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களும், ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்ற நரம்பியல் வேறுபாடு கொண்டவர்களும் பிறந்து வளர்ந்த ஊரிலேயே மற்றவர்களோடு படித்து, உழைத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானித்து வாழ்வதே சமூகப் பங்கேற்பு. அதற்குக் குடும்பத்தின் உழைப்பு மட்டும் போதாது. ஊரும் அரசும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு அது.

அண்ணாமலையைப் பற்றிய கதைகளில் ஊன்றுகோல் கதை ஒன்று உண்டு. 1896 முதல் 1950 வரை இங்கே வாழ்ந்த ரமணர் அதை அடியவர்களிடம் சொல்லியிருக்கிறார். கால் ஊனமான ஒருவர், வீட்டாருக்குப் பாரமாக இருக்கிறோமே என்று மனம் வெறுத்துக் கிளம்புகிறார். கோலூன்றி மலையை வலம் வரும் வழியில் யாரோ ஒருவர் அவருடைய ஊன்றுகோல்களைப் பிடுங்கி எறிகிறார். ஆத்திரப்பட்டவர், தம் கால்களிலேயே நிற்பதைப் பிறகுதான் உணர்கிறார். கேட்பவர்கள் கால் குணமானதைக் கண்டு வியப்பார்கள். கதையின் வலி அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாம் ஒரு பாரம் என்று அந்த மனிதரை நினைக்க வைத்தது எது? மறுவாழ்வு மருத்துவமும் உரிமைச் சட்டமும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன.

சொல்லும் சட்டமும்

தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்று இருந்த அரசு வழக்கு, 2010ஆம் ஆண்டு தனித் துறை உருவானபோது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாறியது. இன்று ஊர்ப்பேச்சிலும் அந்தச் சொல் வேரூன்றிவிட்டது. பழைய சொற்களைக் கேட்டால் முகம் சுளிக்கும் இளைய தலைமுறையும் உருவாகியிருக்கிறது. ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பெற்றோர் பலரும் ஆட்டிசம் என்றே சொல்கிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதி செய்தது. அதன் வழியே வந்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் எனப் பலர் அதன் பிறகே உரிமைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அரசு வேலையில் 4 விழுக்காடும் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் வேலூர், சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு. மறுவாழ்வு மருத்துவத்தின் இந்திய வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்த வேலூரில்தான் எழுதப்பட்டது.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் மிகுந்திருந்த வட்டாரம் அது. நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். உணர்ச்சி மரத்துப்போனதால், சுடுவதும் குத்துவதும் தெரியாமல் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று பிராண்ட் காட்டினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன கைகளுக்கு மீண்டும் பிடிமானம் கொடுத்தார். மரத்த பாதங்களைக் காக்க நுண்துளை ரப்பர் செருப்பும் வேலூரில் உருவானது. ஆனால் சரியான கையோடு வீடு திரும்பியவர்களுக்கு ஊர் வேலை தரவில்லை. அதனால் கல்லூரி வளாகத்திலேயே நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பு எழுந்தது. அங்கே அவர்கள் தச்சு போன்ற கைத்தொழில்களைக் கற்றார்கள். மருத்துவம் முடியும் இடத்தில் மறுவாழ்வு தொடங்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

அந்தப் பாடத்தைத் தன் உடம்பாலேயே கற்றவர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செராயில் 1925இல் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 28. நோயாளியாகப் படுத்திருந்தவரிடம், தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்ய நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி வர்கீஸ் அறுவை அரங்குக்குத் திரும்பினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிறுவனத்திலும் பயிற்சி பெற்றார். 1960களில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கி நடத்தினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் வேலூரின் பாகாயத்தில் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1986இல் மறைந்தார். அவர் பெயரையே இன்று அந்த நிலையம் தாங்கி நிற்கிறது.

படுக்கையில் புரளவும், நாற்காலிக்கு மாறவும், சிறுநீர்ப்பையைப் பார்த்துக்கொள்ளவும் அங்கே கற்பிக்கிறார்கள். உடன் வரும் மனைவிக்கோ தாய்க்கோ அதே பாடம் நடக்கிறது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு பெரிய மருத்துவமும் ஊர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் வீணாகிவிடும். பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் திரும்பிவந்து கூடும் ‘ரிஹாப் மேளா’வில் பரிசோதனையும் விளையாட்டும் கலை நிகழ்ச்சியும் சேர்ந்தே நடக்கின்றன.

ஆய்க்குடியின் வழி

வேலூர் பெரிய மருத்துவமனையின் கதை. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியின் கதை கீற்றுக் கொட்டகையில் தொடங்கியது.

எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் இறுதியாண்டு மாணவர். 1975 ஜனவரி 10 அன்று கடற்படைத் தேர்வுக்கான உடற்தகுதிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சை அளித்து, வாழும் துணிவையும் தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது உலக ஊனமுற்றோர் ஆண்டு. கொட்டகைப் பள்ளியில் முதலில் சேர்ந்தது 5 குழந்தைகள். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் இணைந்தார். இருவருமே சக்கர நாற்காலியில் இருந்தபடி நிறுவனத்தை வளர்த்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று பள்ளி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டு மறுவாழ்வு மையம் எல்லாம் உள்ள பெரிய வளாகம் அது. ஆனாலும் அதன் உண்மையான சாதனை வளாகத்துக்கு வெளியே நடக்கிறது. அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து, வளர்ச்சி தாமதமான குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழந்தைக்குக் கழுத்து நிற்கிறதா, பார்வை பின்தொடர்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று அவர்கள் பார்த்துக் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் அந்தப் பதிவைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். தாய் மடியிலேயே பயிற்சி நடக்கிறது. பேருந்து மாறி மாறி நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. அன்றைய கூலியும் போவதில்லை.

தொலைவைக் குறைக்கும் இந்த முறையை அரசும் ஓரளவு கையில் எடுத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்கிறார்கள். 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ், ‘விழுதுகள்’ என்ற பெயரில் பல சேவைகளையும் ஒரே கூரையின்கீழ் தரும் மையங்கள் திறக்கப்படுகின்றன.

பெற்றோரின் கேள்வி

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், மனுவோடு நிற்கும் தாய்மாரின் பேச்சைக் கேட்டால் ஒரே கவலை திரும்பத் திரும்ப வரும்: “எங்களுக்கு அப்புறம் யாரு பார்த்துக்குவா?” 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அந்தக் கவலைக்காகவே பிறந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதைக் கடக்கும்போது சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. அதே சட்டத்தின்கீழ் வரும் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இந்தக் குழுவைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் கேள்விப்படாத குடும்பங்கள் கிராமங்களில் ஏராளம். ஒரு சட்டம் இருப்பதும் அது வீடு வந்து சேர்வதும் வேறு வேறு.

தமிழில் ஆட்டிசம் பற்றிய பேச்சைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் எழுத்தாளர் யெஸ். பாலபாரதிக்கு முக்கிய இடம் உண்டு. ஆட்டிச நிலையாளரான மகனின் தந்தை அவர். ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலும் ‘துலக்கம்’ என்ற நாவலும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை. அவருடைய துணைவியார் லக்ஷ்மி பாலகிருஷ்ணன் ‘எழுதாப் பயணம்’ நூலில் தாயின் பக்கத்தைச் சொன்னார். குழந்தை பேசவில்லை என்றால் ‘நேரம் வந்தா பேசுவான்’ என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் விலைமதிப்பற்ற ஆண்டுகள் கரைந்துபோகின்றன. அத்தகைய வீடுகளில் இந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும்.

கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல், எழுத்துகள் குழம்பும் வயதிலேயே ஆசிரியர் அதைக் கண்டுகொண்டால்தான் அவை பயன்படும்.

பார்த்துக்கொள்ள வழியில்லாத குடும்பங்கள் மனநோயாளிகளைப் புனிதத் தலங்களுக்கு அழைத்துவந்து விடும் பழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. அதன் கொடூரமான விளைவைத் தர்கா ஊரான ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்த காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. புனிதத் தலம் ஒவ்வொன்றும் மறக்கக் கூடாத தேதி அந்த ஆகஸ்ட் 6.

பாதையும் படியும்

கிரிவலப் பாதையின் பெரிய நன்மை, அது மலையேறாமல் மலையைச் சுற்றுவது. பெரும்பாலும் சமதளமான தார்ச்சாலை என்பதால் சக்கர நாற்காலியிலும் மூன்று சக்கர வண்டியிலும் வலம் வர முடியும். தடையாவது கூட்டமும், நடைபாதையை அடைக்கும் கடைகளும், படிகளும்தான். சாய்தளத்துக்கு இந்திய விதி 1:12. அரை அடி உயரப் படிக்கு ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். செங்குத்தாகப் பெயருக்குக் கட்டிய சாய்தளத்தில் தனியாக ஏறும் நாற்காலி பின்னால் உருண்டுவிடும். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் மரப்பாதை போடப்பட்டபோது, சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையோரம் வரை போனார்கள். மணலில் முடிந்தது கிரிவலப் பாதையிலும் முடியும்.

ஆட்டிச நிலையாளர்களுக்குத் தடை வேறு விதமானது. பௌர்ணமி இரவின் ஒலிபெருக்கியும் நெரிசலும் சில குழந்தைகளுக்கு உடல்வலிக்குச் சமம். வாரநாளின் அதிகாலையில் அதே பாதை அவர்களுக்கும் உரியதாகிறது.

பாதையில் மட்டுமல்ல, ஊர் முடிவெடுக்கும் அவையிலும் இடம் வேண்டும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டங்களைத் திருத்தியது. தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தை எந்த ஊர் நடத்தினாலும் படி இல்லாத இடத்தில் நடத்தட்டும். வீட்டில் இருக்கும் அண்ணனையோ அக்காவையோ அழைத்துப் போய், அவர்களைப் பேச விடுங்கள்.