டீரெய்லர்: தடம் புரட்டுவதற்கென்றே ஒரு கருவி

ரயில் தடம் புரண்டால் செய்தி. ஓடும் சைக்கிளில் செயின் கழன்றால் கையெல்லாம் மசி. இரண்டுமே நடக்கக் கூடாதவை. ஆனால் கியர் சைக்கிளின் பின்சக்கரத்தருகே தொங்கும் சிறு கருவிக்கு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து வேண்டுமென்றே கழற்றிவிடுவதுதான் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கு, தடம் புரட்டுவது என்று பொருள். அது ஆங்கிலம் வழியாக நம் கடைகளுக்கு வந்து டீரெய்லர் ஆயிற்று.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரெகுலா' என்றால் நேரான கோல். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'ரெய்' எனக் குறுகி, கடல் கடந்து இங்கிலாந்தில் 'ரெயில்' ஆனது. பள்ளிக்கூடத்து ரூல்தடியும் இதே வேரில் பிறந்ததுதான். இரும்புப் பாதைகள் வந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வீட்டுச் சொல் என்று அறியாமலே ஆங்கிலத்திடமிருந்து 'ரெயில்' என்பதைக் கடன் வாங்கினார்கள். அதிலிருந்து தடம் புரள்வதற்கு ஒரு வினைச்சொல்லை உருவாக்கினார்கள். ஆங்கிலத்திலோ அப்போது அதற்கு ஒற்றைச் சொல் இருக்கவில்லை. 1850இல் ரயில்வே பற்றி நூல் எழுதிய டயோனிசியஸ் லார்ட்னர், பிரெஞ்சுச் சொல்லையே எடுத்தாண்டார். பின்னர் சைக்கிள் கருவியின் பெயரும் அதே வழியில் இங்கிலாந்துக்குப் போனது. ஒரே வேர் ஆங்கிலக் கால்வாயை இப்படிப் பலமுறை கடந்திருக்கிறது.

பிரான்சின் முதல் ரயில்பாதை 1827இல் திறக்கப்பட்டது, சாந்த் எத்தியென் நகரிலிருந்து. நிலக்கரிக்கும் துப்பாக்கிக்கும் பெயர்பெற்ற அந்த மலைப்பக்கத்து ஊரில்தான் டீரெய்லரும் வளர்ந்தது. அங்கே பட்டு வியாபாரம் செய்த பால் த விவி, 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகையைத் தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். ஊரை விட்டு வெளியேறினாலே மலையேற்றம். ஒற்றைப் பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு ஏற்றத்தையும் சமவெளியையும் சமாளிக்க முடியாது என்று 1930இல் இறக்கும்வரை வாதாடினார். தொடக்கத்தில் சைக்கிளை நிறுத்தி இறங்கி, செயினைக் கையால் மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஓடும்போதே மாற்றும் கருவிகள் அந்த ஊர்ப் பட்டறைகளில் பிறந்தன. அவற்றில் 1910களில் ஜோவானி பானெல் செய்த ஒன்றின் பெயர் 'ஷெமினோ', அதாவது நாடோடி.

பந்தய உலகம் முகம் சுளித்தது. டூர் த பிரான்ஸை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு, கால் வலிமையால் வெல்வதே வெற்றி. அணி வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தையே கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். 1937இல்தான் டீரெய்லருக்கு இருந்த தடை நீங்கியது. அந்த ஆண்டு வென்ற ரொஜே லாபெபியின் வண்டியில் டீரெய்லர் இருந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பயணச் சைக்கிள்காரர்கள் அதைப் பழகி முடித்திருந்தார்கள்.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தால் ஒரு நுட்பம் தெரிகிறது. இத்தாலியர்கள், பெடலருகே இருக்கும் முன்பக்கத்துக் கருவியை மட்டும் 'தெராலியாத்தோரே', தடம் புரட்டி, என்கிறார்கள். பின்பக்கத்துக்கு 'காம்பியோ', மாற்றி. ஜெர்மானியரும் முன்னதைத் தூக்கிப் போடுவது என்றும் பின்னதை மாற்றும் பொறி என்றும் பிரித்தே சொல்கிறார்கள். வேலையும் அப்படித்தான் நடக்கிறது. முன்னது, மிதி விசையில் விறைத்து நிற்கும் செயினைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளுகிறது. பின்னது, கீழே தளர்ந்து வரும் செயினை ஒரு சிறு உருளையால் அடுத்த பல்சக்கரத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போகிறது.

எப்படிக் கூட்டிப் போவது என்பதில்தான் பழைய கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. 1920களின் 'சைக்லோ' திருகுமரை போன்ற ஒரு தண்டில் ஊர்ந்து நகரும். 1930களின் பிற்பகுதியில் வந்த 'நிவெக்ஸ்', அச்சின் கீழே தொங்காமல், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஒட்டிக்கொண்டு, இரு கேபிள்களின் இழுப்பில் இங்குமங்கும் போகும். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் பகுதிக் கைவினைஞர்கள் தங்கள் பயணச் சைக்கிள்களில் இதை விரும்பிப் பூட்டினார்கள். 1970களின் 'யூரே துவோபார்' ஒன்றுக்கு இரண்டு இணைகரங்களைக் கொண்டது. பெரிய பல்சக்கரம் வந்தால் உருளை தானே கீழிறங்கும். எல்லாரும் தேடியது ஒன்றையே: உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். இணைகரத்தைச் சாய்த்து வைத்து அதற்கு எளிய விடை தந்தது 1964இல் ஜப்பானின் சன்டூர். 1984இல் காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் அதையே பின்பற்றின.

பழைய பயணச் சைக்கிளில் இவற்றைப் பூட்ட நினைப்பவருக்கு முதல் முட்டுக்கட்டை, கருவி தொங்கும் துளை. இன்று எங்கும் காண்பது இத்தாலியக் கம்பெனி காம்பன்யோலோவின் வழி: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி, பின்னால் ஒரு தடுப்பு. பிரெஞ்சுக் கம்பெனி சிம்ப்ளெக்ஸின் கருவிக்கென்று செய்த பழைய சட்டத்தில் துளை வழவழப்பாக இருக்கும், மரை கிடையாது. அதில் மரை வெட்டி, அரத்தால் தடுப்பையும் செதுக்கினால் பிற கருவிகள் உட்காரும். ஆனால் சட்டத்தின் அசல் தன்மை போய்விடும். நிவெக்ஸுக்கோ குழாயில் தனி முளை பற்றவைக்க வேண்டும், சாயம் கருகும். ஒரு சலுகை உண்டு. அந்தக் கால கியர் லீவரில் 'கிளிக்' கிடையாது. சற்று அதிகமாகத் தள்ளி, செயின் ஏறியதும் கரகரப்பு நிற்கும்வரை கொஞ்சம் பின்னிழுத்தால் போதும். அதனால் ஒரு கம்பெனி லீவரோடு இன்னொரு கம்பெனி கருவி பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பாஸ்டன் பகுதி மெக்கானிக் ஷெல்டன் பிரவுன், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை விட்டு இதை ஆங்கிலச் சொல்லாகவே எழுத வேண்டும் என்று வாதிட்டார். எழுத்து எப்படியிருந்தாலும் பெயர் பாதி வேலையைத்தான் சொல்கிறது. செயினைக் கழற்றிவிட ஒரு குச்சி போதும். அடுத்த பல்லில் சத்தமின்றி உட்காரவைப்பதற்குத்தான் இத்தனை பட்டறைகளும் காப்புரிமைகளும் தேவைப்பட்டன. தமிழில் பெயர் வைப்பதானால் முன்னதற்குத் தடம்புரட்டி, பின்னதற்குத் தடமாற்றி என்று இரண்டாக வைப்பதே பொருந்தும்.