முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி மிதிவண்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில், தேய்ந்துபோன எலும்பு முனைகள் அகற்றப்பட்டு, உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது. மூட்டு புதியது, அதைச் சூழ்ந்துள்ள தசைகளும் தசைநார்களும் உங்களுடைய பழையவையே. பல ஆண்டுகள் வலிக்கு அஞ்சி காலை மடக்காமல் இருந்ததால் அவை ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அறுவைக் காயம் ஆறும்போது உள்ளே உருவாகும் தழும்புத் திசுவும் சேர்ந்துகொள்கிறது. இத்திசு முதல் சில வாரங்களில் இளகி இழுபடும், பின்னர் இறுகிவிடும். ஆகவே காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு உரிய காலம் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களே. அப்பயிற்சிக்கு உதவும் எளிய கருவிகளுள் ஒன்று, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி மிதிவண்டி.

எவ்வளவு மடங்க வேண்டும்?

காலை முழுதும் நீட்டிய நிலை 0 டிகிரி. நாற்காலியில் அமர்ந்து பாதத்தை நேர் கீழே ஊன்றினால் 90 டிகிரி. சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 டிகிரி போதும். படியேற 85 முதல் 90 டிகிரி வரையும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதற்கு மேலும் தேவைப்படும். இயல்பான இருக்கை உயரத்தில் மிதிவண்டியின் பெடலை ஒரு முழுச்சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 105 முதல் 110 டிகிரி வேண்டும். இருக்கையை உயர்த்தினால் இத்தேவை குறையும், தாழ்த்தினால் கூடும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பயிற்சியில் பாதி புரிந்துவிடும். எவ்வளவு மடக்குவது என்பதை இருக்கையின் உயரமே தீர்மானிக்கிறது. வேகத்துக்கும் வியர்வைக்கும் இப்போது இடமில்லை.

எப்போது தொடங்கலாம்?

தையல் பிரிக்கப்பட்டு, காயம் கசிவின்றி ஆறியிருக்க வேண்டும். உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். பலருக்கு இரண்டு, மூன்று வாரங்களில் அனுமதி கிடைக்கும். நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகலாம். அவர்கள் அவசரப்பட வேண்டாம்.

பயிற்சி முறை

இருக்கையை முதலில் உயரமாக வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நேராகவும், பாதம் பெடலைத் தொடும் அளவிலும் இருக்க வேண்டும். இறுக்கத்தைக் கூட்டும் திருகை முழுவதும் தளர்த்திவிடுங்கள்.

முதல் நாளே முழுச்சுற்றுச் சுற்ற முயல வேண்டாம். தொட்டில் ஆட்டுவதுபோல் பெடலை முன்னும் பின்னுமாக, கால் அனுமதிக்கும் தூரம் வரை மட்டும் அசையுங்கள். இழுக்கும் இடத்தில் சில நொடிகள் நிறுத்தி, பிறகு திரும்புங்கள். நல்ல காலே பெரும்பகுதி வேலையைச் செய்யட்டும். நாள்தோறும் அந்த எல்லை சிறிது சிறிதாக நகரும். ஒருநாள் கால் மேல்புள்ளியைக் கடந்துவிடும். முதல் முழுச்சுற்றைப் பின்னோக்கிச் சுற்றுவதே பெரும்பாலோர்க்கு எளிது. அது தடையின்றி வந்த பிறகு முன்னோக்கி மிதியுங்கள். அதன்பின் இருக்கையை ஒவ்வொரு துளையாகத் தாழ்த்தலாம்.

தொடக்கத்தில் ஒருவேளைக்கு 5 நிமிடம்கூடப் போதும். படிப்படியாக 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இருமுறை எனக் கூட்டுங்கள். திருகைச் சிறிது இறுக்குவது நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகு, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னால் மட்டுமே.

பராமரிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மிதிப்பவரின் பின்புறம் நின்று இடுப்பைப் பாருங்கள். முழங்கால் மடங்காதபோது பலரும் தம்மையறியாமல் அறுவை செய்த பக்கத்து இடுப்பைத் தூக்கிப் பெடலைக் கடத்திவிடுவார்கள். சுற்று முழுமையாகத் தெரியும், முழங்காலோ மடங்கியிராது. இடுப்பு தூக்கினால் இருக்கையை மீண்டும் உயர்த்துங்கள். கையால் காலை அழுத்தி மடக்கிவிட வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் கெண்டைக்காலை நீவிவிடும் வழக்கத்தையும் இக்காலத்தில் கைவிடுங்கள். இரத்த நாளத்தில் உறைகட்டி இருந்தால் அது ஆபத்தாகும்.

வலி

இழுக்கும் வலி இருக்கும். அது சிறிது நேரத்தில் தணிந்துவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு மிகுதி என்று பொருள். பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளலாமா எனக் கேட்டறியுங்கள். முடித்தபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுங்கள்.

அப்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் வளைந்த நிலையிலேயே இறுகி, பின்னர் நேராக நீள மறுக்கும். மடங்குவதைப் போலவே முழுதாக நீளுவதும் முக்கியம். மிதிவண்டி இதற்கு அதிகம் உதவாது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தும் பயிற்சியைத் தனியே செய்ய வேண்டும்.

மிதிவண்டி இல்லாதவர்கள்

வீட்டிலுள்ள சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். முதல் வாரங்களில் வேண்டாம். ஏறி இறங்கக் காலைத் தூக்கிப்போட வேண்டும், ஸ்டாண்டும் ஆடும். ஒருமுறை விழுந்தால் புதிய மூட்டைச் சுற்றி எலும்பு முறியக்கூடும். நாற்காலியின் முன் தரையில் வைத்து மிதிக்கும் சிறு பெடல் கருவி விலை குறைவு. நாற்காலி நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதுவும் இல்லையெனில், நாற்காலியில் அமர்ந்து பாதத்துக்கு அடியில் பாலித்தீன் பையை வைத்துப் பின்னோக்கி வழுக்கிக் கொண்டுவாருங்கள். நாள் தவறாமல் செய்தால் இதுவே பெரும்பயன் தரும்.

கடற்கரையோர வீடுகளில் பழைய மிதிவண்டியை வாங்குவோர், இருக்கையைத் தாங்கும் குழாயும் அதன் ஊசியும் உப்புக்காற்றில் துருப்பிடித்துள்ளனவா என்று பார்த்த பின்னரே அமர வேண்டும்.

மாமல்லபுரத்தில் தரையில் சம்மணமிட்டு உளி பிடிக்கும் சிற்பிகளும், குந்தி அமர்ந்து மீன் விற்கும் பெண்களும் பழையபடி அமர முடியுமா என்று கேட்பதுண்டு. மிதிவண்டி அந்த அளவு மடக்கத்தைத் தராது. குந்தி அமர்வதைத் தவிர்க்கவே பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. வேலையை மேசை உயரத்துக்கு மாற்றிக்கொள்ள அறுவைக்கு முன்பே திட்டமிடுங்கள். திருக்கழுக்குன்றத்தின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலைப்படிகளில் ஏறுவது பற்றி மறுபரிசோதனையின்போது கேளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம்.

எங்கு உதவி பெறலாம்?

கடற்கரைக் கிராமங்களிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி வந்து செல்வது எல்லோர்க்கும் இயலாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பதிவு செய்யுங்கள். ஐயங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

ஆறு வாரங்களாகியும் 90 டிகிரி மடங்கவில்லையெனில் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு. அது முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால் நன்கு பலனளிக்கும். ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து ஓராண்டு கழித்து வருபவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு.

காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல், கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள்.